திரை இறங்கிய பிறகு

போலந்தில், கிராக்கோவிலிருந்து வந்த ரயில் வழியெல்லாம் நின்று நின்று வந்ததால், செஸ்டகோவா நிலையத்தில் இறங்கும்போதே மணி 11.30 ஆகிவிட்டது. இங்குள்ள யாஸ்னா கூரா மடத்தில் நண்பகலில் அன்னை மரியாவின் படத்துக்குத் திரை போட்டுவிடுவார்கள் என்று தெரியும். ஊரின் நடுவிலிருந்து மடம் வரை, அன்னையின் பெயரிலேயே நேர்கோடாகச் செல்லும் அகலமான சாலையில் பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் போனேன். இரும்பாலைகளுக்கும் பேர்போன தொழில் நகரம் இது. ஆனால் அந்தச் சாலையில் கால் வைத்தவருக்கு, எதிரே 106 மீட்டர் உயர்ந்து நிற்கும் கோபுரத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

சிற்றாலயத்துக்குள் நுழைந்தபோது எக்காளம் முழங்கிக்கொண்டிருந்தது. வெள்ளித் திரை இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் நின்றவர்களின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். பொன் ஒளிவட்டத்தின் ஓர் ஓரம் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் மறைந்துவிட்டது.

கையில் அம்மாவின் செபமாலை இருந்தது. அதை அன்னையின் முன் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு தூரம் வந்தேன். பிற்பகல் 3 மணி ஆனால் கைவேலையை அப்படியே வைத்துவிட்டு இறை இரக்க செபமாலை சொல்வது அம்மாவின் வழக்கம். அதனால் முந்தைய நாள் கிராக்கோவில் முதலில் வாகியெவ்னிகி என்ற பகுதியிலுள்ள மடத்துக்குத்தான் சென்றேன். போலந்து அரசர்கள் முடிசூடிய நகரம் கிராக்கோ. வாவெல் குன்றைப் பார்க்கத்தான் பலரும் வருகிறார்கள். எனக்கோ அது, அந்தச் செபத்தை நமக்குத் தந்த சகோதரி ஃபாஸ்டினாவின் ஊர். மடத்தின் சமையலறையிலும் தோட்டத்திலும் வாயிற்கதவிலும் வேலை செய்து, 1938-இல் 33 வயதில் மறைந்தவர் அவர். நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும், நெஞ்சிலிருந்து இரு கதிர்கள் பாயும் இயேசுவின் படம், அவர் கண்ட காட்சியிலிருந்து பிறந்தது. அவர் கல்லறை இருக்கும் அந்தச் சிறிய ஆலயத்தில், 3 மணிக்குப் பல நாட்டவருடன் மண்டியிட்டபோது அம்மாவின் குரலே கேட்டதுபோல் இருந்தது.

மறுநாள் இங்கே, மூடிய திரை.

என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அப்போது தலையில் துணி கட்டிய ஒரு பாட்டி, பீடத்தைச் சுற்றிச் செல்லும் ஒடுங்கிய வழியில் முழந்தாளிட்டு நகர்ந்தார். படம் மூடியிருப்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. நானும் அவர் பின்னால் முழந்தாளில் நகர்ந்தேன். சுவரெங்கும் நேர்த்திக்கடன்கள். வெள்ளி இதயங்கள், ஊன்றுகோல்கள், சரம் சரமாக, தொன்மையான மரப்பிசின் இறுகி உருவான அம்பர் மணிகள். அம்பருக்குப் பெயர்பெற்றது பால்டிக் கடலோரத்துக் கிடான்ஸ்க் நகரம்; 2005-இல் அன்னைக்கு அம்பரால் ஓர் ஆடையே செய்து அணிவித்தவர் அவ்வூர்ப் பொற்கொல்லர்தான். 1981 மே 13 அன்று சுடப்பட்டபோது திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அணிந்திருந்த இடைக்கச்சையும், இரத்தக் கறையோடு இங்கே இருக்கிறது.

வழிகாட்டியாக இருந்த துறவி ஒருவர் பிறகு சொன்னவை என்னை அசைத்துவிட்டன. 1655-இல் சுவீடன் படை இந்த மடத்தை முற்றுகையிட்டபோது, மடத்தலைவர் கோர்டெட்ஸ்கி பணிய மறுத்தார். வாரக்கணக்கில் போராடி மடம் தப்பியது. ஆனால் அந்நாட்களில் மூலப் படம் மடத்தில் இல்லையாம். பாதுகாப்புக்காக முன்பே சிலேசியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்னொன்று, 1966. நாடெங்கும் பங்குபங்காக வலம் வந்த அன்னையின் நகல் படத்தைக் கம்யூனிச அரசு பறித்து, மடத்தைவிட்டு வெளியே வராதபடி முடக்கியது. மக்கள் வலத்தை நிறுத்தவில்லை. வெறும் சட்டகத்தையும் எரியும் மெழுகுவர்த்தியையும் ஏந்தி, 1972 வரை ஊர் ஊராகச் சென்றார்கள். அந்த வெற்றுச் சட்டகத்தின் முன் கூட்டம் கூட்டமாக மண்டியிட்டார்கள்.

பிற்பகலில் மீண்டும் எக்காளம் முழங்கியது. திரை எழுந்தது. கருமையான முகம், நீண்ட மூக்கு, சற்றே சோர்ந்த கண்கள், வலக்கன்னத்தில் இரண்டு நீண்ட வெட்டுக்காயங்கள். 1430-இல் மடத்தைக் கொள்ளையிட்டவர்கள் வாளால் கீறியவை. படத்தைச் செப்பனிட்டவர்கள் அந்தத் தழும்புகளை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். அழகுபடுத்திய அன்னையின் படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த முகத்தின் முன்தான் பேச்சு வந்தது. கடைசி மாதங்களில் அம்மா பட்ட வேதனையை, யாரிடமும் சொல்லாததை, இந்த அன்னையிடம் தமிழிலேயே சொன்னேன்.

மாலை ரயிலில் திரும்ப மனமில்லை. ஒவ்வோர் இரவும் 9 மணிக்கு இங்கே மக்கள் கூடி அன்னையை அழைக்கிறார்கள். 'அருகில் இருக்கிறேன், நினைவில் வைத்திருக்கிறேன், விழித்திருக்கிறேன்' என்பதுதான் அந்தச் செபத்தின் சாரம். தொழிற்சாலை உடையோடு வந்த இளைஞர்கள், தோளில் தூங்கும் குழந்தையோடு ஒரு தகப்பன், சுருதி பிசகாமல் பாடும் அருட்சகோதரிகள் என்று இடம் நிறைந்திருந்தது. எனக்கு மொழி தெரியாது. பக்கத்தில் நின்றவர் பாடப் பாட, உதடுகளை அசைத்தேன்.

முடிந்ததும் எக்காள ஒலியோடு திரை மறுபடி இறங்கியது. இம்முறை நான் எட்டிப் பார்க்கவில்லை. செபமாலையின் முதல் மணியைப் பிடித்தேன்.