தப்பான பெயரோடு ஓடும் கோடு

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருக்கும் கோடு, அதாவது புரோகிராம், விசைப்படகுகள் கொண்டுவரும் இறால், நண்டு, கணவாய் எடையைப் பதிகிற ஒரு செயலியுடையது. அதில் படகுக்கு வைத்திருக்கும் 'வெசல்' என்ற பெயரில் கடைசி இரண்டு ஆங்கில எழுத்தும் இடம் மாறிக் கிடக்கின்றன. எனக்கு முன்னால் யாரோ எழுதியது. டேட்டா இருக்கும் டேபிள், மற்ற சிஸ்டங்கள் டேட்டா கேட்டு வாங்கும் ஏபிஐ, வியாபாரிக்குப் போகும் ரிப்போர்ட் எல்லாவற்றிலும் அதே தப்பு, ஓரிடத்தில்கூடச் சரியாக இல்லை, அதனால்தான் ஒழுங்காக ஓடுகிறது.

புதிதாகச் சேர்ந்த பையன், "அண்ணே, அசிங்கமா இருக்கு, திருத்திடவா?" என்றான். "திருத்து தம்பி, ஆனா வியாபாரியோட சிஸ்டமும் அந்தப் பேரைத்தான் தேடுது, அதை யாரு திருத்துவா?" என்றேன்.

பிரவுசரும் வெப்சைட்டும் பேசிக்கொள்ளும் விதிமுறையான ஹெச்டிடிபியிலேயே இந்தக் கதை உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று சொல்லும் 'ரெஃபரர்' ஹெட்டரில், அதாவது கோரிக்கையோடு போகும் குறிப்பு வரியில், ஒரு 'ஆர்' குறைவு. 1996இல் வந்த 'ஆர்எஃப்சி 1945' என்ற எண்ணுள்ள இணைய விதிமுறை ஆவணத்தில் அப்படியே ஏறிவிட்டது, இன்றும் அப்படியே. பிற்பாடு வந்த 'ரெஃபரர் பாலிசி' ஹெட்டரில் மட்டும் எழுத்து சரி. ஆக ஒன்றைத் தப்பாகவும் மற்றதைச் சரியாகவும் அடிக்க வேண்டும், இந்தப் பாதித் திருத்தம்தான் எனக்குப் பெரிய தலைவலி. யூனிக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஃபைல் உருவாக்கும் 'கிரியேட்' அழைப்பில் கடைசி 'ஈ' இல்லை. மறுபடி யூனிக்ஸ் செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டபோது, அந்த 'ஈ'யைச் சேர்ப்பேன் என்றாராம் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன்.

நான் பார்ப்பது ஒன்றுதான், அந்தப் பெயர் வெளியே யார் கைக்காவது போயிருக்கிறதா? ஒரு ஃபங்ஷனுக்குள்ளேயே (கோடின் ஒரு சின்னத் துண்டு) பிறந்து அங்கேயே முடிகிற வேரியபிள் பெயர் என்றால் எடிட்டரில் ரீநேம் கொடுத்து உடனே மாற்றிவிடலாம். வெளியே போய்விட்டதென்றால் கைவைக்க மாட்டேன். பக்கத்தில் ஒரு கமெண்டில், அதாவது ஓடாத குறிப்பு வரியில், சரியான எழுத்தை மட்டும் போட்டு வைப்பேன், நாளைக்கு எவனாவது சரியாக அடித்துத் தேடினாலும் அகப்பட வேண்டுமே.

மோசமானது எது தெரியுமா, எல்லாரும் தப்பாக எழுதியிருக்கும் இடத்தில் ஒருவர் மட்டும் சரியாக எழுதுவது. நாங்கள் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி இதற்குச் சத்தமே போடாது. ஒரு ஆப்ஜெக்டில் இல்லாத பெயரைக் கேட்டால் 'அன்டிஃபைன்ட்' (மதிப்பு இல்லை) என்று கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும், ரிப்போர்ட்டில் படகு எண் காலியாக வந்து யாராவது ஃபோன் பண்ணும்போதுதான் தெரியவரும்.

ஆனால் டேட்டாவில் வரும் எழுத்துப்பிழைக்கு இந்தப் பொறுமை கிடையாது. கீழக்கரையை ஆங்கிலத்தில் ஒருவர் ஒற்றை 'ஐ' போட்டு அடிக்கிறார், இன்னொருவர் இரட்டை 'ஈ' போட்டு அடிக்கிறார், கூட்டிப் பார்த்தால் ஒரே ஊர் இரண்டு வரியாக நிற்கிறது. ஊர்ப் பெயரை இனி யாரும் டைப் அடிக்கவே வேண்டாம், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும் என்று மாற்றிவிட்டோம்.