அமெரிக்கக் கல்லூரி ரோயிங் கோச் வேலை: தேர்வு, நேர்காணல், தண்ணீரில் சோதனை

ரோயிங் (துடுப்புப் படகோட்டம்) அணியில் உதவிப் பயிற்சியாளர் பணியிடம் ஒன்று காலியானால் விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் கல்லூரி அணியில் துடுப்பு போட்டு வந்தவர்கள்தான். எல்லோரிடமும் பதக்கமும் பரிந்துரைக் கடிதமும் இருக்கும். அதனால் தலைமைப் பயிற்சியாளர் பார்ப்பது வேறு. இவரை நம்பி லாஞ்சை (பயிற்சியாளர் பின்தொடரும் மோட்டார் படகு) தனியாக அனுப்பலாமா, ரிக்கிங் (படகில் துடுப்புத் தாங்கிகளின் அளவுகளைச் சரிசெய்வது) தெரியுமா, படகுகளை ஏற்றிச்செல்லும் ட்ரெய்லர் ஓட்டுவாரா, மாணவர் சேர்ப்பில் விதியை மீறிப் பல்கலைக்கழகத்தைச் சிக்கலில் மாட்டிவிடமாட்டாரே? தயாரிப்பையும் இந்த வரிசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எந்தப் பக்கம் வேலை அதிகம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டியே 1852இல் ஹார்வர்டும் யேலும் மோதிய படகுப் போட்டிதான். ஆண்கள் ரோயிங் இன்றும் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பு) சாம்பியன்ஷிப்புக்கு வெளியே, 1895இல் தொடங்கிய ஐஆர்ஏ (கல்லூரி ரோயிங் சங்கம்) போட்டியை மையமாக வைத்தே நடக்கிறது. பெண்களுக்கு 1997 முதல் என்சிஏஏ சாம்பியன்ஷிப் உண்டு. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972இன் டைட்டில் நைன் சட்டத்துக்குப் பிறகு பெண்களுக்கான இடங்களைக் கூட்ட வேண்டியிருந்த பல்கலைக்கழகங்களுக்கு, பெரிய அணி தேவைப்படும் ரோயிங் வசதியாக அமைந்தது. உதவித்தொகையும் முழுநேரப் பணியிடங்களும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். ஆண்கள் அணியில் மட்டுமே வேலை தேடினால் கதவுகள் குறைவு.

பெண்கள் சாம்பியன்ஷிப்பில் ஓர் அணி இரண்டு எட்டுப் பேர் படகையும் ஒரு நால்வர் படகையும் இறக்கும். காக்ஸையும் (துடுப்பு போடாமல் படகைத் திருப்பிக் கட்டளை தருபவர்) சேர்த்து 9, 9, 5 என 23 பேர். மூன்று படகின் புள்ளிகளும் கூட்டப்படும். முதல் படகு தலைமைப் பயிற்சியாளர் கையில் இருக்கும். இரண்டாம் எட்டும் நால்வரும் பெரும்பாலும் உதவியாளரிடம் வரும். அதனால் நேர்காணலில் ‘வலுவான எட்டுப் பேரை எப்படி வேகமாக்குவீர்கள்’ என்பதைவிட, ‘17ஆம் இடத்திலிருந்து 23ஆம் இடம் வரை உள்ளவர்களை எப்படி முன்னேற்றுவீர்கள்’ என்ற கேள்விக்கே பதில் தயாராக இருக்கட்டும்.

அனுபவம் இல்லாதவர்களுக்கு நல்ல நுழைவாயில், மாணவர்களே நடத்தும் கிளப் அணிகள். சம்பளம் சொற்பம்தான். ஆனால் ஒரே ஆண்டில் பட்ஜெட், படகு பழுது, போட்டிப் பதிவு, புதியவர்களுக்குப் பயிற்சி எல்லாம் கைக்கு வந்துவிடும். பெரிய பல்கலைக்கழகத்தில் இன்டர்னாகச் சேர்ந்து ஓராண்டு முழுக்க வீடியோ எடுத்துக்கொண்டிருப்பதைவிட இது மேல். முதுகலைப் படிப்போடு கூடிய கிராஜுவேட் அசிஸ்டென்ட் (படித்துக்கொண்டே உதவிப் பயிற்சியாளராக இருக்கும்) இடம் கிடைத்தால் அதையும் விடாதீர்கள்.

இனி தேர்வுகள். நாட்டின் ரோயிங் அமைப்பான யுஎஸ்ரோயிங்கின் பயிற்சியாளர் சான்றிதழ் படிநிலைகளாக இருக்கிறது. முதல் நிலையையும், முதலுதவி, சிபிஆர் (இதயம் நின்றால் செய்யும் உயிர்காப்பு), சேஃப்ஸ்போர்ட் (விளையாட்டில் துன்புறுத்தலைத் தடுப்பது) பயிற்சிகளையும் விண்ணப்பிக்கும் முன்பே முடித்துவிடுங்கள். இவை கடினமல்ல, ஆனால் காலாவதியான சிபிஆர் சான்றிதழோடு வருபவரை யாரும் லாஞ்சில் ஏற்றமாட்டார்கள்.

பலரும் அலட்சியமாக எடுத்துக்கொண்டு தடுக்கி விழுவது என்சிஏஏ முதல் பிரிவின் (அதன் உச்ச நிலை) மாணவர் சேர்ப்பு விதித் தேர்வில். வளாகத்துக்கு வெளியே போய் மாணவர்களைப் பார்க்க வேண்டுமானால் பயிற்சியாளர் இதில் ஆண்டுதோறும் தேற வேண்டும். தேர்ச்சிக்கு 80 சதவீதம். விதிப் புத்தகத்தைத் திறந்துவைத்தே எழுதலாம் என்பதுதான் பொறி. நேரக் கட்டுப்பாட்டுக்குள் எந்த விதி எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தால் முடியாது. சேர்ப்பு பற்றிய பகுதியை முழுதாக ஒருமுறை படித்து, நான்கு காலகட்டங்களின் வேறுபாட்டை மனதில் நிறுத்துங்கள். கான்டாக்ட் காலத்தில் வளாகத்துக்கு வெளியிலும் நேரில் பேசலாம். இவேல்யுவேஷன் காலத்தில் வெளியே போய்ப் பார்க்கலாம், மதிப்பிடலாம், வெளியே வைத்துப் பேசக்கூடாது. கொயட் காலத்தில் வளாகத்துக்குள் மட்டும் சந்திப்பு. டெட் காலத்தில் எங்குமே நேரில் சந்திப்பு இல்லை; தொலைபேசி, மின்னஞ்சலுக்குத் தடையில்லை. கொயட்டையும் டெட்டையும் குழப்பிக்கொள்வதுதான் வழக்கமான தவறு.

கேள்விகள் பெரும்பாலும் சம்பவ வடிவில் வரும். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஏப்ரல் மாதம் தன் எர்க் (துடுப்புப் பயிற்சி இயந்திரம்) நேரத்தோடு மின்னஞ்சல் அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 வரை அவளோடு சேர்ப்பு தொடர்பாகப் பேசக்கூடாது. பயிற்சி முகாம் விவரமோ பொதுவான கேள்விப் படிவமோ அனுப்பலாம். வெளிநாட்டு மாணவி என்றால் அவள் நாட்டில் எந்த வகுப்பு இதற்கு இணை என்பதையும் பார்க்க வேண்டும். பழைய குறிப்புகளை நம்பிப் படிக்காதீர்கள். மாணவர் ஒரு கல்லூரியில் சேர உறுதிதரும் ஒப்பந்தமான நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் 2024 அக்டோபரில் ஒழிக்கப்பட்டது. உதவித்தொகைக்கு இருந்த எண்ணிக்கை வரம்பின் இடத்தில், 2025 முதல் புதிய வருவாய்ப் பகிர்வு ஏற்பாட்டில் (விளையாட்டு மாணவர்களுக்குப் பல்கலைக்கழகமே பணம் தருவது) சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு அணியின் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்துவிட்டது.

நேர விதியும் அவசியம். சீசனில் வாரத்துக்கு 20 மணி, ஒரு நாளைக்கு 4 மணி, வாரத்தில் ஒரு நாள் முழு விடுப்பு. போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணியாகக் கணக்கு. சீசனுக்கு வெளியே வாரம் 8 மணி. மாணவர்கள் தாங்களாக விரும்பிச் செய்யும் பயிற்சி இதில் சேராது, ஆனால் அதைப் பயிற்சியாளருக்குத் தெரிவிக்கவும் கூடாது. விடுப்பு நாளில் எர்க் செய்து திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் அந்த நொடியே அது கட்டாயப் பயிற்சி ஆகிவிடும். இளம் உதவியாளர்கள் நல்லெண்ணத்தில் செய்து மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

நேர்காணலில் எர்க் நேரப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து ‘யாரைச் சேர்ப்பீர்கள்’ என்று கேட்பார்கள். நொடிகளை மட்டும் பார்க்காதீர்கள். 500 மீட்டருக்கான நேரத்தை நொடிகளில் எடுத்து 500ஆல் வகுத்து, அதன் மும்மடியால் 2.8ஐ வகுத்தால் வாட் கிடைக்கும். 2000 மீட்டரை 7:30இல் முடிப்பவர் ஏறத்தாழ 246 வாட். 7:00 என்றால் 302. 6:30 என்றால் 378. அதே 30 நொடிதான், ஆனால் முதல் தாவலுக்கு 56 வாட், அடுத்ததற்கு 76. விளையாட்டுப் பின்னணியே இல்லாமல், ஆறே மாதப் பயிற்சியில் 7:30 எடுத்தவரையும், நான்கு ஆண்டு பள்ளி அணியில் இருந்து 7:25இல் நின்றுபோனவரையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

தண்ணீரில் சோதனை என்றால் லாஞ்சில் இருந்து ஒரு பயிற்சி நடத்தச் சொல்வார்கள். மோட்டாரைத் தொடும் முன் என்ன சரிபார்க்கிறீர்கள் என்பதிலேயே பாதி முடிவாகிவிடும்: படகில் இருப்பவர்களுக்கும் சேர்த்து உயிர்காப்பு ஜாக்கெட், வீசும் கயிற்றுப் பை, துடுப்பு, தண்ணீர் இறைக்கும் குவளை, கருவிப் பை, குளிர்காலமானால் வெப்பப் போர்வை. மோட்டாரை அணைக்கும் கில் சுவிட்ச் கயிற்றை உடலில் மாட்டுங்கள். 26 அடிக்குக் குறைந்த படகுகள் வேகமெடுத்து ஓடும்போது 2021 ஏப்ரல் முதல் இது கூட்டரசுச் சட்டம். பயிற்சியாளர் நின்றபடி பின்னால் திரும்பிப் பேசுவார். தண்ணீரில் விழுவது அப்போதுதான். இடி கேட்டால் கரைக்கு. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் யாரும் இறங்கக்கூடாது. மெகாஃபோனில் ஒரே நேரத்தில் ஒருவருக்கு ஒரு திருத்தம் போதும். ஐந்தாம் இருக்கையில் இருப்பவரிடம் ‘ஐந்து, கையை முதலில் விடு’ என்று சொல்லிவிட்டுப் பத்து வீச்சு காத்திருங்கள். அடுத்தடுத்து நான்கு திருத்தம் சொன்னால் ஒன்றும் நிற்காது.

ரிக்கிங்கில் ஸ்ப்ரெட் அளக்கச் சொல்வது வழக்கம். படகின் நடுக்கோட்டிலிருந்து பின் (துடுப்பைத் தாங்கும் கொண்டி சுழலும் உலோகக் கம்பி, pin) ஒன்றின் நடு வரை உள்ள தூரம் அது. எட்டுப் பேர் படகில் 84, 85 செ.மீ. அளவில் இருக்கும். நடுக்கோட்டைக் கண்ணால் குறிக்காதீர்கள். பின்னுக்கு நேராகப் படகின் அகலத்தை வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளந்து பாதியாக்குங்கள். அகலம் 58 என்றால் 29. எதிர் வெளிவிளிம்பில் டேப்பை வைத்துப் பின்னின் நடு வரை 113.5 வந்தால் ஸ்ப்ரெட் 84.5. பின்னின் அடியிலும் மேலேயும் அளவு மாறினால் பின் வளைந்திருக்கிறது. மற்ற எதையும் சரிசெய்யும் முன் அதை மாற்றுங்கள். துடுப்பின் சாய்வு பொதுவாக 4 டிகிரி. குறைந்தால் துடுப்பின் தகடு ஆழத்துக்குப் பாயும், கூடினால் முடிவில் தண்ணீரிலிருந்து நழுவும். ஒரே ஒருவருக்குத் தகடு ஆழம் போகிறது என்றால் அவர் கையைக் குறை சொல்லும் முன் சாய்வை அளந்துவிடுங்கள்.

அணித் தேர்வில் அதிகம் சண்டை வருவது சீட் ரேஸில் (ஆளை மாற்றி ஓட்டி இருவரை ஒப்பிடும் பந்தயம்). இரண்டு நால்வர் படகுகள், 1000 மீட்டர். முதல் ஓட்டத்தில் முதல் படகு 1.8 நொடி முந்துகிறது. அதிலுள்ள ஒருவரையும் இரண்டாம் படகில் அதே இருக்கையில் உள்ளவரையும் மாற்றி மறுபடி ஓட்டினால் இரண்டாம் படகு 0.6 நொடி முந்துகிறது. வித்தியாசம் 2.4 என்று நோட்டில் எழுதுவார்கள். ஆனால் ஆள் மாறியதில் ஒரு படகு இழந்ததும் மற்றது பெற்றதும் இரண்டும் அந்த 2.4க்குள் அடக்கம். ஒருவருக்கொருவர் உண்மையான இடைவெளி 1.2 நொடிதான். வீச்சு வேகத்துக்கு நிமிடத்துக்கு 30 போல ஓர் உச்சவரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் படகு வேகத்துக்குப் பதில் பதற்றத்தைத்தான் அளப்பீர்கள். காக்ஸை மாற்றாதீர்கள், யாரை மாற்றப்போகிறீர்கள் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். காற்று திரும்பிவிட்டால் அந்த ஓட்டத்தைக் கழித்துவிட்டு மறுநாள் நடத்துங்கள். வித்தியாசம் ஒரு நொடிக்குள் என்றால் அதை வைத்து யாரையும் வெளியேற்றக்கூடாது. மறுபடி மாற்றி மூன்றாவது ஓட்டம் விடுங்கள்.

பணி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ட்ரெய்லரை யார் ஓட்டுவது, காப்பீடு யாருடையது என்று கேட்டுவிடுங்கள். உதவியாளர் என்றால் பெரும்பாலும் நீங்கள்தான். படகுகளைக் கட்ட கேம் பட்டை (கையால் இழுத்து இறுக்குவது) மட்டும். நெம்பி இறுக்கும் ராட்செட் பட்டையைப் போட்டு இறுக்கினால் கார்பன் உடல் நசுங்கும். பட்டையில் ஒரு முறுக்கு கொடுத்தால் காற்றில் அதிராது. கிளம்பி அரைமணி நேரத்தில் நிறுத்தி எல்லாப் பட்டையையும் மறுபடி இழுத்துப் பாருங்கள். வெளிநாட்டு மாணவராக இருந்தால் ஓபிடி (மாணவர் விசாவில் தரப்படும் தற்காலிக வேலை அனுமதி) அனுமதியில் செய்யும் வேலை உங்கள் பட்டப் படிப்போடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். உடற்பயிற்சி அறிவியல் படித்தவருக்கு இது எளிது, கணினி அறிவியல் படித்தவருக்குச் சிக்கல். பல்கலைக்கழகங்களுக்கு ஹெச்-1பி வேலை விசாவின் ஆண்டு ஒதுக்கீட்டு வரம்பு இல்லை, ஆனால் உதவிப் பயிற்சியாளருக்கு விசா மனு போட எல்லா விளையாட்டுத் துறையும் சம்மதிக்காது. இதை முதல் நேர்காணலிலேயே கேட்டுவிடுவதில் தவறில்லை.