பச்சை அட்டவணையும் மனுப் பதிவேடும்

எங்கள் பகுதி அரசு அலுவலகம் ஒன்று மாதந்தோறும் தன் செயல்பாட்டு அட்டவணையை இணையத்தில் வெளியிடுகிறது. பெறப்பட்ட மனுக்கள், உரிய காலத்தில் முடிக்கப்பட்டவை, நிலுவை என்று மூன்றே பத்திகள். எல்லாக் கட்டங்களும் பச்சை. நிலுவை பெரும்பாலும் பூஜ்யம். ஆனால் ஒரு சான்றுக்காக மாதக்கணக்கில் அங்கே அலைந்தவர்களை எனக்குத் தெரியும். இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும்? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் மனுப் போட்டேன்.

“ஏன் தாமதம்?” என்று கேட்டிருந்தால் ஒரே வரியில் கைகழுவியிருப்பார்கள். காரணம் சொல்லும் கடமை தகவல் அலுவலருக்கு இல்லை. அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். ஆகவே மனுப் பதிவேட்டின் நகலையும், அட்டவணை தயாரிப்பது குறித்த சுற்றறிக்கையின் நகலையும் கேட்டேன். பெயர், முகவரிகளைப் பிரிவு 10-இன்படி மறைத்துத் தரலாம் என்று நானே எழுதிவிட்டேன். இல்லாவிட்டால் ‘தனிநபர் தகவல்’ என்று மறுக்க வசதியாகப் போய்விடும்.

30 நாள் கெடு தாண்டியும் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு செய்த பிறகுதான் பதிவேட்டு நகல் வந்தது. கெடு தாண்டினால் நகல் இலவசம் என்கிறது பிரிவு 7(6). அவர்களும் பணம் கேட்கவில்லை.

விடை குறிப்புப் பத்தியில் இருந்தது. ஒரு மனு, கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, ‘ஆவணக் குறைவு, திருப்பப்பட்டது’ என்று முடிகிறது. சில பக்கங்கள் தள்ளி, பழைய எண்ணைக் குறிப்பிட்டுப் புதிய எண்ணில் அதே மனு, மறுபடியும் திருப்பல். மூன்றாவது எண்ணில்தான் சான்று கிடைத்திருக்கிறது. அட்டவணைக் கணக்கில் இவை மூன்று மனுக்கள், மூன்றும் உரிய காலத்தில் முடிந்தவை. ஒருவர் கூடப் பொய் எழுதவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. திருப்பி அனுப்பினாலும் முடித்ததாக எண்ணினால், நிலுவை எங்கிருந்து வரும்?

சுற்றறிக்கையை மட்டும் தரவில்லை. அதற்காக மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்திருக்கிறேன். தகவலை வெளியிடும்படி அலுவலகத்துக்கு உத்தரவிடும் அதிகாரத்தைப் பிரிவு 19(8) ஆணையத்துக்குத் தருகிறது. ஆகவே வழங்கியவை, நிராகரித்தவை, திருப்பியவை ஆகியவற்றைத் தனித்தனியாகவும், முதல் மனு கொடுத்த நாளிலிருந்து ஆன காலத்தையும் வெளியிடக் கோரியிருக்கிறேன்.

விசாரணைக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. ஆனால் சென்ற மாத அட்டவணையில் ‘திருப்பப்பட்டவை’ என்றொரு பத்தி சத்தமில்லாமல் சேர்ந்திருக்கிறது. முதல் மனுவின் தேதியைத்தான் இன்னும் காணோம். ஆணையத்தில் நான் வற்புறுத்தப் போவது அந்தத் தேதியைத்தான்.