நான்குவழிச் சாலை: பாதுகாப்புத் தணிக்கை நாட்குறிப்பு

14 மார்ச் 2023

டெல்டாவில் ஒரு இருவழிச் சாலை நான்குவழியாகப் போகிறது. மண் வேலை இன்னும் தொடங்கவில்லை. விரிவான வடிவமைப்பு முடிந்து வரைபடங்கள் வந்திருக்கின்றன. ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைக் காங்கிரஸ்) வெளியிட்ட எஸ்.பி. 88 என்ற சாலைப் பாதுகாப்புத் தணிக்கைக் கையேட்டுக் கணக்கில் இது மூன்றாம் கட்டத் தணிக்கை. முதல் இரண்டு கட்டங்களில், அதாவது சாத்தியக்கூறு ஆய்விலும் முதனிலை வடிவமைப்பிலும், தணிக்கை நடந்ததற்குக் கோப்பில் ஒரு தாள்கூட இல்லை. ஆகவே புறவழிச்சாலை ஊருக்குக் கிழக்கே போகலாமா மேற்கே போகலாமா என்று இனிக் கேட்க முடியாது. வரைந்திருக்கிற பாதையில் எங்கே ஆள் அடிபடுவார் என்பதை மட்டும்தான் பார்க்கலாம்.

கேட்டு வாங்க வேண்டியவை: கிடைவரைபடமும் நெடுக்குவெட்டும் (சாலையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வரைபடம்), சந்திப்பு ஒவ்வொன்றுக்கும் தனி வரைபடம், பலகை மற்றும் கோடுகளின் திட்டம், வடிகால், தெருவிளக்கு, வாகனக் கணக்கெடுப்பு, மூன்று வருட விபத்து விவரம். கடைசியாகச் சொன்னதுதான் ஒழுங்காக வராது. அரசின் ஐராட் விபத்துத் தரவுத்தளத்தில் பதிவானவற்றுக்கு வரைபடப் புள்ளி இருக்கிறது. அதற்கு முந்தையவற்றைக் காவல் நிலையப் பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும். அதில் "பெட்ரோல் பங்க் அருகே" என்று இருக்கும். அந்தச் சாலையில் பங்க் நான்கு. ஏட்டையாவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கி.மீ. எண் போட்டால்தான் அந்தப் பட்டியலால் பயன்.

17 மார்ச் 2023

இன்று முழுக்க ஒரே ஒரு திறப்பு. ரயில்வே மேம்பாலத்தின் உச்சியிலிருந்து இறங்கி 110 மீட்டரில் சென்டர் மீடியனில் (நடுத்திட்டில்) வண்டிகள் திரும்பத் திறப்பு காட்டியிருக்கிறார்கள். வடிவமைப்பு வேகம் மணிக்கு 100 கி.மீ. அந்த வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் ஓடும். ஓட்டுநர் கண்டு, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க 2.5 விநாடி என்று எடுத்தால் அதற்கே 70 மீட்டர் போய்விடும். பிறகு நிற்க 110 மீட்டருக்கு மேல் வேண்டும். மொத்தம் 180. உச்சியைத் தாண்டிய பிறகுதான் திறப்பில் திரும்ப நிற்கும் டிராக்டர் டிரெய்லர் தெரியும். கண் உயரம் 1.2 மீட்டர், பொருளின் உயரம் 0.15 மீட்டர் என்று வைத்து நெடுக்குவெட்டில் கோடு இழுத்துப் பார்த்தால் சந்தேகமே வராது.

திறப்பைத் தள்ளிவைக்கச் சொல்வது சுலபம். எவ்வளவு தள்ளி என்பதுதான் கேள்வி. ஒரு கிலோமீட்டர் தள்ளினால் டூவீலர்காரர் சுற்றிப் போக மாட்டார், எதிர்த்திசையில் ஓரமாக வருவார். அது இன்னும் மோசம். அதனால் பரிந்துரை இரண்டு பகுதியாக எழுதப்பட்டது: திறப்பு 400 மீட்டருக்கு நகர வேண்டும், பாலத்தின் இருபுறமும் சர்வீஸ் ரோடு அந்தத் திறப்பு வரை நீண்டு, இருதிசைப் போக்குவரத்துக்கு இடம் தர வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் செய்யாததற்குச் சமம் என்றும் எழுதியிருக்கிறது.

மற்றவை சுருக்கமாக: பேருந்து நிறுத்தம் சந்திப்புக்கு முன்னால் இருக்கிறது, நிற்கும் பஸ், குறுக்குச் சாலையில் வருபவரின் பார்வையை மறைக்கும், சந்திப்பைத் தாண்டி வைக்க வேண்டும். புறவழிச்சாலை பிரியும் இடத்தில் புதுச் சாலை வளைகிறது, பழைய சாலை நேராகப் போகிறது. இரவில் வண்டி நேராகத்தான் போகும். மூன்று சிறுபாலங்கள் அகலப்படுத்தும் பட்டியலிலேயே இல்லை.

2 மே 2023

வடிவமைப்பாளர் பதில் வந்தது. தணிக்கைக் குறிப்புக்குப் பதில் மூன்றே வகை: ஏற்கிறோம்; ஏற்கவில்லை, காரணம் இது; மாற்றாக இதைச் செய்கிறோம். "உரிய முறையில் பரிசீலிக்கப்படும்" என்பது இந்த மூன்றிலும் சேராது. அப்படி எழுதியவை அனைத்தும் திருப்பி அனுப்பப்பட்டன. தணிக்கை செய்பவருக்கு உத்தரவிடும் அதிகாரம் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் முடிவு எடுத்தவர் பெயரும் காரணமும் தாளில் இருந்தாக வேண்டும். சிறுபாலம் மூன்றில் இரண்டை ஏற்றார்கள். மூன்றாவதற்கு நிலம் கிடைக்கவில்லை என்று காரணம் வந்தது. சரி, அங்கே தடுப்பும் அபாயக் குறிப்பலகையும் வரைபடத்தில் ஏறின.

9 அக்டோபர் 2023

கட்டுமானக் கட்டம். ஒப்பந்ததாரரின் போக்குவரத்து மேலாண்மைத் திட்டம் அழகாக வண்ணத்தில் அச்சாகி இருக்கிறது. சாலையில் இருப்பது வேறு. வரைந்தபோது வேலை கி.மீ. 12-இல் இருந்தது, இப்போது 15-க்கு வந்துவிட்டது. பலகைகள் 12-லேயே நிற்கின்றன. வேலை இல்லாத இடத்தில் "பணி நடைபெறுகிறது" என்று ஒரு மாதம் பார்த்தவர், வேலை நடக்கிற இடத்தில் அந்தப் பலகையை நம்புவாரா?

வேலை நடக்கும் சாலைகளுக்கான ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55 வழிகாட்டி பணியிடத்தை நான்காகப் பிரிக்கிறது: முன்னெச்சரிக்கைப் பகுதி, ஒதுங்கும் பகுதி, வேலைப் பகுதி, மீண்டும் சேரும் பகுதி. 80 கி.மீ. வேகத்தில் வருகிற சாலைக்கு எச்சரிக்கை 300 மீட்டர் முன்பே தொடங்க வேண்டும், ஒதுங்கும் பகுதி 100 மீட்டருக்குக் குறையக் கூடாது. டேப்பில் அளந்தது 18 மீட்டர். அதாவது லாரி ஓட்டுநர் ஒரு விநாடிக்குள் ஒரு முழுத் தடம் ஒதுங்க வேண்டும்.

பெரிய ஆபத்து அகலப்படுத்தத் தோண்டிய பள்ளம். ஓடுகிற தார் விளிம்பிலிருந்து ஒரு அடி தள்ளி, 60 செ.மீ. ஆழத்துக்குச் செங்குத்தாக, 700 மீட்டர் நீளத்துக்கு வெட்டிவிட்டிருக்கிறார்கள். அதுவும் இருபுறமும் ஒரே சமயத்தில். பொக்லைன் வாடகைக்கு வந்த அன்றே முடிந்த வரை வெட்டிவிடுகிறார்கள், ஜல்லிக் கலவை வர வாரமாகிறது. காரணம் இவ்வளவுதான். ஆகவே குறிப்பு பள்ளத்தைப் பற்றி அல்ல, வேலை வரிசையைப் பற்றி: ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும், மாலைக்குள் நிரப்ப முடிகிற நீளத்துக்கு மட்டுமே வெட்டு, நிரப்ப முடியாத நாளில் விளிம்பை ஜல்லிக் கலவையால் ஒன்றுக்கு நான்கு என்ற சரிவில் அணைத்துவிட வேண்டும்.

பிளாஸ்டிக் தடுப்புகள் வரிசையாக இருந்தன. தட்டிப் பார்த்தால் எல்லாம் காலி. தண்ணீர் நிரப்பாத தடுப்பு, வேகமாகப் போகும் பஸ்ஸின் காற்றுக்கே ஓடுபாதையில் வந்து விழும். நிரப்ப டேங்கர் இல்லை என்றார்கள். மண்ணை நனைக்க அதே இடத்தில் டேங்கர் நின்றுகொண்டிருந்தது.

3 நவம்பர் 2023

இரவுத் தணிக்கை, மழையோடு. மழை பெய்யும் இரவு கிடைத்தால் விடக் கூடாது. பகலில் சரியாகத் தெரிவதில் பாதி அப்போது தெரியாது.

செய்யும் முறை: இரு திசையிலும் ஒருமுறை கார், ஒருமுறை டூவீலர். டிம் லைட் மட்டும். ஓட்டுகிறவர் குறிப்பு எடுக்கக் கூடாது, பின்னால் இருப்பவர் மைல்கல் சொல்லிச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். வரைபடத்தைப் பார்க்காத ஒருவர் ஓட்டினால் நல்லது. அவர் எங்கே தயங்குகிறார் என்பதே ஒரு குறிப்பு.

கி.மீ. 15.4 டைவர்ஷன். பழைய நடுக்கோட்டின் மேல் கறுப்பு பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள். பகலில் மறைந்திருந்தது. ஈரத்தில் எதிர்வண்டியின் வெளிச்சம் பட்டதும் அந்தக் கறுப்புதான் பளபளத்தது, புது வெள்ளைக் கோடு காணாமல் போனது. கறுப்புக் கோட்டைப் பின்பற்றினால் நேரே பாலக் குழிக்கு. பழைய கோட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும், மேலே பூசுவது தீர்வே அல்ல. அந்த இடத்துக்கு மட்டும் அறிக்கைக்குக் காத்திருக்காமல் இரவே சைட் இன்ஜினியரைக் கூப்பிட்டு, குழிக்கு முன் டிப்பரில் மண் கொட்டி மேடாக்கச் சொல்லியாயிற்று.

பலகைகளில் பாதிக்குச் சேறு. பிரதிபலிக்கும் தாள் உயர்தரம்தான், ரசீதும் உண்டு, கழுவத்தான் ஆள் இல்லை. மழைக்காலத்தில் வாரம் இருமுறை வாளித் தண்ணீரும் துணியும் போதும். பிளிங்கர் (மின்னும் எச்சரிக்கை விளக்கு) பதினொன்றில் எரிந்தவை நான்கு.

28 ஜனவரி 2024

ஒரு பக்கச் சாலை முடிந்து, இரு திசைப் போக்குவரத்தும் அதிலேயே விடப்பட்டிருக்கிறது. புதுத் தார், அகலமான சாலை. பக்கத்தில் மீடியன் தெரிகிறது. ஓட்டுநருக்கு இது ஒருவழி என்றே தோன்றும், முந்துவார். தொடக்கத்தில் ஒரு பலகை வைத்தால் போதாது. குறுக்குச் சாலையிலிருந்து நடுவில் ஏறுபவர் அதைப் பார்த்திருக்க மாட்டார். ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும் இருதிசைப் பலகை, நடுவில் வளையக்கூடிய ரப்பர் கம்பங்கள்.

சம்பா அறுவடை. திறக்காத பக்கத்தில் நெல் காய்கிறது, அதில் யாருக்கும் தொல்லை இல்லை. திறந்த பக்கத்திலும் ஒரு தடம் முழுக்க நெல். சுற்றிலும் கருங்கல். இரவில் குவித்துக் கறுப்புத் தார்ப்பாயால் மூடிவிடுகிறார்கள். கல்லும் பாயும் சாலையின் நிறத்திலேயே இருக்கின்றன. தடை என்று பலகை வைத்தால் யாரும் எடுக்கப் போவதில்லை, நெல் ஈரமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள் என்ற கவலை அவர்களுக்கு. நடைமுறைக்கு ஒத்த யோசனை: நேரடி கொள்முதல் நிலையத்துக்குப் பக்கத்தில் திறக்காத பக்கச் சாலையின் 600 மீட்டரை அறுவடை முடியும் வரை களமாக ஒதுக்கி, டிப்பர் போகாதபடி இரு முனையையும் அடைத்துவிடுவது. ஒப்பந்ததாரர் முனகினார், ஊராட்சித் தலைவர் ஒப்புக்கொண்டார். திறந்த பக்கம் இரண்டே நாளில் காலி.

24 ஆகஸ்ட் 2024

வேளாங்கண்ணிக் கொடியேற்றம் 29-ஆம் தேதி. காவி உடையில் கூட்டம் கூட்டமாக நடந்து வருகிறார்கள், சிறு தேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு. வெயிலுக்குப் பயந்து இரவில்தான் அதிகம் நடப்பார்கள். வடிவமைப்பு வாகனக் கணக்கெடுப்பு ஏப்ரலில் நடந்ததால் இந்தக் கால்கள் எந்த அட்டவணையிலும் இல்லை.

செப்டம்பர் 8 வரை செய்ய வேண்டியவை: இடது ஓரத்தில் 1.5 மீட்டர் அகலத்துக்கு ஜல்லி இல்லாமல் சமன் செய்த பாதை, வண்டித் தடத்துக்கும் அதற்கும் நடுவே நீர் நிரப்பிய தடுப்பு. இரவில் டிப்பர் ஓட்டம் நிறுத்தம். தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் வலது பக்கம் போட அனுமதி கூடாது. ஒரு டம்ளர் மோருக்காக நூறு பேர் சாலையைக் கடப்பார்கள். பையில் ஒட்டப் பிரதிபலிப்புத் துண்டு கொடுக்கலாம்தான், ஆனால் அதைக் கொடுத்துவிட்டு பாதையை விட்டுவிடுவது ஏமாற்று.

11 டிசம்பர் 2024

இரும்புத் தடுப்பு வேலை. டபிள்யூ வடிவத் தகடு என்பதைக் கம்பத்தில் மாட்டிவிட்டால் ஆயிற்று என்று நினைக்கிறார்கள்.

இருக்க வேண்டிய அளவு: தகடு 3 மி.மீ., மேல் விளிம்பு தரையிலிருந்து 70 செ.மீ., கம்பம் 150 × 75 × 5 மி.மீ. சேனல், இரண்டு மீட்டருக்கு ஒன்று, மொத்த உயரம் 1.8 மீட்டர், அதில் 1.1 மீட்டர் மண்ணுக்குள். தகட்டுக்கும் கம்பத்துக்கும் இடையில் 330 மி.மீ. நீள இடைத்துண்டு.

உயரம், இடைவெளி இரண்டும் டேப்பில் தெரிந்துவிடும். மண்ணுக்குள் எவ்வளவு என்பது தெரியாது. ஆனால் கம்பத்தின் தலையைப் பார்த்தால் போதும். ஆலையில் துத்தநாகம் தோய்த்த தலை ஒரே சாம்பல் நிறமாக, விளிம்பு மழுங்கி இருக்கும். கி.மீ. 9.2 சிறுபாலத்தின் மேல் வரிசையாக ஆறு கம்பத்தின் தலையில் கட்டர் கீறலும் வெள்ளிப் பெயிண்டும். கீழே கான்கிரீட் தட்டியிருக்கிறது, இறங்கவில்லை, மிஞ்சியதை மேலே வெட்டி சமன் செய்துவிட்டார்கள். உள்ளே 40 செ.மீ. இருந்தால் அதிகம். கார் மோதினால் கம்பத்தோடு சேர்ந்து வாய்க்காலில் விழும். அங்கே அடித்தகடு வைத்து கான்கிரீட்டில் போல்ட் போடும் வகைதான் வேண்டும்.

தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் திசை இன்னொன்று. வண்டி வரும் பக்கத்துத் தகடு சாலைப்பக்கமாக மேலே படிய வேண்டும். மாறிப் படிந்தால் உரசும் வண்டிக்குள் அடுத்த தகட்டின் முனை ஈட்டியாக ஏறும். கையால் தடவிக்கொண்டே வண்டி போகும் திசையில் நடந்தால் கண்டுபிடிக்கலாம்: விரலில் முனை இடறினால் தப்பு. இருதிசைப் போக்குவரத்து ஓடியபோது மாட்டிய பகுதி முழுக்க இடறுகிறது.

பாலக் கைப்பிடிச் சுவரோடு தடுப்பு சேரும் இடத்தில் 1.2 மீட்டர் வெளி. இரண்டு ஒப்பந்தங்களின் எல்லை அது. இரண்டு பேருமே தன்னுடையது இல்லை என்கிறார்கள். இன்னும் ஒன்று, மேல்தார் 40 மி.மீ. போடாத இடங்களில் 70 செ.மீ. அளந்து கையெழுத்து கேட்கிறார்கள். தார் போட்டதும் அது 66. கையெழுத்து அதற்குப் பிறகுதான்.

19 பிப்ரவரி 2025

சாலையைத் திறப்பதற்கு முந்தைய தணிக்கை. கார், லாரியின் முன்சீட், டூவீலர், நடை, பகலும் இரவும்.

சென்டர் மீடியனில் அரளி நன்றாகப் பிடித்திருக்கிறது. எதிர் வெளிச்சத்தை மறைக்க அதைவிட நல்ல செடி இல்லை, ஆடுமாடும் வாய் வைக்காது. ஆனால் திறப்புகளின் ஓரத்திலும் அதையே வைத்திருக்கிறார்கள். ஒரு வருடத்தில் ஆள் உயரம் வரும், திரும்பக் காத்திருக்கும் ஸ்கூட்டர் தெரியாது. திறப்புக்கு முன்னும் பின்னும் பிடுங்கிப் புல் போட வேண்டும்.

வளைவுப் பலகைகளில் மூன்றில் அம்பு எதிர்த்திசை காட்டுகிறது. ஊர்ப்பலகை ஒன்று விளக்குக் கம்பத்துக்குப் பின்னால். சந்திப்பில் நடப்போர் பகுதியிலுள்ள பலகையின் அடிவிளிம்பு 1.6 மீட்டரில், நெற்றிக்கு நேராக இருக்கிறது, 2.1-க்கு ஏற வேண்டும். இவையெல்லாம் ஒரு நாள் வேலை.

ஒரு நாள் வேலை அல்லாதவை இரண்டு: மேம்பாலத்துக்குத் தெற்கே சர்வீஸ் ரோடு 150 மீட்டர் முடியவில்லை, ஆனால் மீடியன் திறப்பு மட்டும் நகர்ந்துவிட்டது, எதிர்த்திசை டூவீலர் இப்போதே வருகிறது. பாலச்சுவர் ஓரத்து 1.2 மீட்டர் வெளி அப்படியே இருக்கிறது. திறப்பு விழாத் தேதி குறித்தாயிற்று, ஏதாவது நிபந்தனையோடு எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். கொடுத்தது: கி.மீ. 0 முதல் 8 வரை திறக்கலாம். 8 முதல் 11 வரை, அந்த இரண்டும் முடிந்து மறுபடி அளக்கும் வரை, பழைய சாலையிலேயே போக்குவரத்து.