நீலச் சரி விழுந்து நாலு மணித்தியாலம்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து மரைன் டிரைவ் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஏதாவது ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில், பின்னேரம் ஆறு மணிக்கு இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் கவலைக்காரர், மற்றவர் புத்தகக்காரர். ஆட்கள் மாறுவார்கள், வேடம் மாறாது. கவலைக்காரர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். புத்தகக்காரர் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“மச்சான், மனேஜருக்கு ரெண்டு மணிக்கு வட்ஸ்அப்பில மெசேஜ் போட்டனான். உடனயே நீலச் சரி விழுந்திட்டுது. இப்ப ஆறு மணி. பதில் இல்லை. என்ர வேலை போட்டுது.”

“என்ன கேட்டு மெசேஜ் போட்டனி?”

“வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு.”

“அரைநாள் கேட்டவனுக்கு ஆயுள் முழுக்க லீவு குடுக்கிற மனேஜரோ? நல்ல மனுசன் போல கிடக்கு.”

பகிடிதான். ஆனால் அதற்குள் ஒரு வேலை நடந்திருக்கிறது. ‘வேலை போட்டுது’ என்ற புகை ‘அரைநாள் லீவுக்குப் பதில் வரவில்லை’ என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. 1960களில் அமெரிக்க மனநல வைத்தியர் ஆரன் பெக் தொடங்கிவைத்த, எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் சிகிச்சை முறையில் ஆலோசகர் கொப்பியும் பேனையுமாக இருந்து கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான். வரிசை முக்கியம். முதலில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். நினைத்ததைச் சொன்னால் தள்ளிவிட்டு நடந்ததை மட்டும் எடுக்க வேண்டும். பிறகு, அதற்கு வேறு காரணம் மூன்று சொல்லச் சொல்ல வேண்டும். ஒன்று போதாது, ஒன்றென்றால் அவரே உடனே உடைத்துவிடுவார். கடைசியாக, உண்மை எப்போது தெரியவரும், அதுவரை செய்ய ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

பெரும்பாலான நண்பர்கள் பிழைவிடுவது இதற்கு முன்னரேயே. “சும்மா யோசிக்காதை மச்சான்” என்று சொல்லிவிடுவார்கள். 1987இல் டானியல் வெக்னர் என்ற உளவியலாளர் ஆட்களை இருத்தி, ஐந்து நிமிடத்துக்கு வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்றார். நினைத்தவுடன் மணியை அடிக்க வேண்டும். மணி ஓயவில்லை. அதைவிட மோசம், பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலேயே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி கூடுதலாக வந்தது. யோசிக்காதே என்பது கரடியைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் கட்டிவிடுவது மாதிரி.

மற்றப் பிழை, “உனக்கு லீவுதானே பிரச்சினை, எனக்கு வீட்டு லோன்” என்று போட்டிக்கு இறங்குவது. இப்படி இருவரும் மாறி மாறிக் கிளறினால் நட்பு நெருங்கும், கவலையும் கூடும். இரண்டு பிளேன்ரீக்குப் போனவர்கள் நாலு குடித்துவிட்டு வருவார்கள்.

“அது மட்டுமில்லை மச்சான். போன கிழமை பம்பலப்பிட்டியில ஒரு கலியாணம். சேட்டுப் பொத்தான் ஒண்டு மாறிப் போட்டிட்டன். மண்டபமே பாத்தது.”

“எத்தினை பேர் வந்து சொன்னவை?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு.”

இந்த இடத்தில் புத்தகக்காரருக்கு உண்மையிலேயே நல்ல கதை ஒன்று இருக்கிறது. கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாணவர்களுக்குப் பரி மனிலோவின் முகம் போட்ட ரீசேட்டைப் போடவைத்து, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது வெட்கக்கேடு. அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். உண்மையில் கவனித்தது நாலில் ஒரு பங்குதான். 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு அது.

“ஆர் மச்சான் அந்தப் பரி மனிலோ?”

“பாத்தியே. ஒருகாலத்தில அமெரிக்காவில பெரிய பாட்டுக்காரன். அவனையே உனக்குத் தெரியேல்லை. உன்ர பொத்தானை ஆர் ஞாபகம் வைச்சிருக்கப் போறான்?”

கீழே ரயில் போகிறது. அதுவரை பேச்சு நிற்கும். இந்தக் கடைகளில் கிடைக்கிற ஒரே இலவச தியானம் அதுதான்.

ரயில் போனதும் பிரபலங்கள் வருவார்கள். கவலைக்காரர் யூடியூபில் பார்த்திருப்பார்: வெற்றி பெற்றவர்கள் எல்லாம் விடிய ஐந்து மணிக்கு எழும்புகிறார்கள், குளிர்நீரில் குளிக்கிறார்கள், நன்றி சொல்லி டயரி எழுதுகிறார்கள்.

“கொழும்பில ஐஞ்சு மணிக்கு எழும்பிற ஆக்கள் எத்தினை பேர் இருக்கினம் தெரியுமே? பேக்கரிக்காரன், பஸ் கொண்டக்டர், மீன் வாங்கப் போற ஆள். ஒருத்தரையும் ரீவியில காணேல்லையே.”

சுயமுன்னேற்றம் புதுச் சரக்கு அல்ல. சாமுவேல் ஸ்மைல்ஸ் அந்தப் பெயரிலேயே தன் நூலை 1859இல் போட்டுவிட்டார். அன்றிலிருந்து விற்கிற முறை ஒன்றுதான்: வென்றவரைப் பிடித்து, வழி கேட்டு, அச்சடிப்பது. லொத்தர் விழுந்தவரிடம் போய் எப்படி விழுத்தினீர்கள் என்று கேட்டால், அவரும் ஒரு வழி சொல்லத்தான் செய்வார். அதே வழியில் சீட்டு எடுத்து விழாதவர்களிடம் ஒருவரும் கேட்பதில்லை.

நம் ஊரில் இதற்குச் சுழற்பந்து வீச்சாளர் முரளிதரனைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். நடுவர் டரல் ஹெயார் அவருடைய பந்தை எறிபந்து என்று ஏழு தடவை நோபோல் சொன்னார். 2010 ஜூலையில் காலியில், இதுதான் கடைசி டெஸ்ட் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, 800 டெஸ்ட் விக்கெட்டுக்கு இன்னும் எட்டு இருக்க இறங்கினார். முதல் இன்னிங்சில் ஐந்து. இரண்டாவதில் இரண்டு எடுத்து 799இல் நிற்கும்போது இந்தியாவுக்கு மிச்சம் ஒரே ஒரு விக்கெட். மறுபக்கத்தில் வேறொருவர் அதை எடுத்திருந்தால் கணக்கு 799ஓடு முடிந்திருக்கும். முரளியின் பந்தை இந்தியாவின் ஓஜா அடிக்க, அது ஸ்லிப்பில் மஹேலவின் கைக்குப் போனது.

“பாத்தியே, தன்னம்பிக்கை! முரளி மாதிரி நம்பிக்கை வைச்சால் எதுவும் நடக்கும் மச்சான்.”

“ஓம். முழங்கையையும் வைச்சால்.”

முரளியின் முழங்கை பிறப்பிலிருந்தே முழுதாக நிமிராது. மணிக்கட்டு மற்றவர்களுக்கு வளையாத அளவு வளையும். அதோடு எண்ணிக்கையில்லாத பயிற்சி ஓவர்கள். பிரபலங்களின் பெயரில் வரும் அறிவுரைகள் முழங்கையைக் கழித்துவிட்டு நம்பிக்கையை மட்டும் பொதி கட்டி விற்கின்றன. ஐந்து மணிக்கு எழும்பும் நடிகருக்கு சமையல்காரர் முழங்கை, டிரைவர் முழங்கை, பத்து மணிக்குப் படுக்கக்கூடிய அமைதியான வீடு முழங்கை. எந்த அறிவுரையைக் கேட்டாலும் முதலில் ‘இதில் முழங்கை எது’ என்று தேடுங்கள். மிச்சம் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

மிச்சம் இருக்கத்தான் செய்கிறது. புத்தகக்காரர் இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்பார். அது மக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற ஒட்டறுவைச் சத்திரசிகிச்சை வைத்தியர், நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழக குறைந்தது மூன்று கிழமை எடுக்கிறது என்று எழுதியதிலிருந்து முளைத்தது. ‘குறைந்தது’ வழியில் விழுந்துவிட்டது. லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்தபோது பழக்கம் தானாக ஓடுவதற்குச் சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப 18 முதல் 254 வரை. ஒரு நாள் தவறினால் பெரிய நட்டமில்லை என்பதும் அதில்தான் தெரிந்தது. இருபத்திரண்டாம் நாள் “என்னால ஏலாது” என்று விட்டவர்கள் ஏமாந்தவர்களே ஒழிய சோம்பேறிகள் அல்ல.

மூச்சுப் பயிற்சி வேலை செய்யும், பிழையாகச் செய்தால் எதிர்ப்பக்கம் வேலை செய்யும். நூறாம் இலக்க பஸ்ஸில் கொள்ளுப்பிட்டி நெரிசலில் நெஞ்சு படபடக்கிறது என்று வையுங்கள். பலரும் வாயால் பெரிது பெரிதாக இழுப்பார்கள். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு இறங்கி, தலை சுற்றி, விரல் நுனி விறுவிறுக்கும். உடனே மாரடைப்பு என்று இன்னும் இழுப்பார்கள். செய்ய வேண்டியது சிறிய மூச்சு: மூக்கால் நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே, நிமிடத்துக்கு ஆறு தடவை, ஐந்து நிமிடம். வெளியே விடுவது நீளமாக இருப்பதுதான் விஷயம். நெஞ்சு நோ கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்துக் கொட்டினால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

பகிடிக்கும் எல்லை உண்டு. இரண்டு கிழமையாக நித்திரையும் சாப்பாடும் குழம்பியிருந்தால், பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை என்றால், இருந்து என்ன பயன் என்ற மாதிரிக் கதை வந்தால், பகிடியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்து நேராகக் கேளுங்கள்: “சாகிற யோசனை வருகுதோ?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

“அண்ணை, இன்னொரு பிளேன்ரீ.”

“மூண்டாவது. ராத்திரி நித்திரை வராட்டி மனேஜரைத் திட்டாதை.”

கஃபீன் பாதியாகக் குறைய சாதாரணமாக ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்கும். ஆறரைக்குக் குடித்ததில் பாதி பதினொன்றரைக்கும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். கவலை என்று நினைப்பதில் ஒரு பங்கு தேயிலைதான்.

இரவுக்கென்று இரண்டு வேலை. கவலைக்கு நேரம் குறிப்பது ஒன்று: தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணித்தியாலம். மற்ற நேரம் வந்தால் ஒரு சொல்லில் குறித்துவிட்டு அந்த நேரத்துக்குத் தள்ளிவைப்பது. கட்டிலில் வேண்டவே வேண்டாம், படுக்கப் போகும் நேரத்துக்குக் கிட்டவும் வேண்டாம். கட்டில் கவலைக் கதிரையாகிவிடும். மற்றது, படுக்கமுன் ஐந்து நிமிடம் நாளைக்குச் செய்ய வேண்டியவற்றைக் கடதாசியில் எழுதுவது. 2018இல் வந்த ஓர் ஆய்வில், 57 பேரில் இப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஒன்பது நிமிடம் அளவு முந்தி உறங்கினார்கள். விபரமாக எழுத எழுதக் கெதியாக நித்திரை வந்தது. ‘லீவு விஷயம்’ என்று எழுதினால் போதாது. ‘ஒன்பதரைக்கு மனேஜரின் மேசைக்குப் போய்க் கேட்பது’ என்று இருக்க வேண்டும்.

“அதெல்லாம் சரி மச்சான். இந்த நீலச் சரியை என்ன செய்யிறது?”

“வட்ஸ்அப்பில செட்டிங்ஸுக்குப் போ. பிரைவசியை அமத்து. கீழ ரீட் ரிசீட்ஸ் எண்டு இருக்கும், நிப்பாட்டு. பிறகு நீ பாத்தது மற்றவனுக்குத் தெரியாது, மற்றவன் பாத்தது உனக்கும் தெரியாது. குரூப்பில மட்டும் தெரியும். வொய்ஸ் கேட்டாலும் தெரியும்.”

“நீ நிப்பாட்டி வைச்சிருக்கிறியோ?”

“ரெண்டு வருசமா.”

கவலைக்காரர் போனைக் கீழே வைத்தார்.

“அப்ப நான் மாசி மாசம் கடன் கேட்டுப் போட்ட மெசேஜை நீ பாக்கவே இல்லை எண்டது?”

“அண்ணை, எவ்வளவு கணக்கு?”