கொட்டிலின் வாசல்: கரூ நாட்குறிப்பு

2023 ஏப்ரல் 22, சனி

அடுத்த ஞாயிறு, இயேசுவை நல்ல ஆயனாக நினைக்கும் நல்லாயன் ஞாயிறு. இந்த வருஷ வாசகம் யோவான் 10, முதல் பத்து வசனங்கள். ஜோகன்னஸ்பர்க், டர்பன், கேப்டவுன் என்று சிதறிக் கிடக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் ஞாயிறு இரவு ஜூமில் கூடும் செபத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கமாக அன்றைக்கு ஆயனைப் பற்றித்தான் பேச்சு இருக்கும். எனக்குக் கொட்டிலைப் பற்றிப் பேச ஆசை. தென்னாப்பிரிக்காவின் வறண்ட கரூ நிலப்பரப்பின் நடுவில், டீ ஆர் ஊரில் வேலை பார்க்கிறவன் அதைப் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

எங்கள் சோலார் பிளான்ட்டை ஒட்டிய பண்ணையில் பழைய ஆட்டுக் கொட்டில் ஒன்று இருக்கிறது. இங்கே க்ரால் என்பார்கள். சாந்து இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய நெஞ்சுயரச் சுவர், அதன்மேல் முள், ஒரே ஒரு வாசல். குட்டி போடும் காலம் என்பதால் நரிக்குப் பயந்து தாயாடுகளை ராத்திரியில் அதற்குள் அடைக்கிறார்கள். அனுமதி கேட்டு, இன்று சாயங்காலம் வாசல் பக்கம் போய் நின்றேன்.

ஆடு பார்க்கும் பெரியவர் கதவை முழுக்கத் திறக்கவில்லை. இரண்டு ஆடு நுழையும் இடம் மட்டும் விட்டு, மீதியைத் தன் உடம்பாலேயே மறைத்துக்கொண்டு நின்றார். ஒவ்வொன்றும் அவர் முழங்காலை உரசிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். விரலை ஆட்டி இரண்டிரண்டாக எண்ணினார். ஓர் ஆடு முன்னங்காலைத் தாங்கித் தாங்கி வந்தது. எண்ணிக்கை விடாமல் அதை மட்டும் ஓரமாகத் தள்ளி வைத்தார். எல்லாம் உள்ளே போன பிறகு அதை மல்லாத்திப் பிடித்து, குளம்பின் பிளவிலிருந்து முள்ளை எடுத்தார்.

எரேமியா 33இல் ஒரு வாக்குறுதி வருகிறது: பாழாய்ப்போன யூதாவின் நகர்களில் எண்ணுகிறவனின் கைக்குக் கீழே மந்தைகள் மறுபடியும் கடந்துபோகும். இதுவரை அது வெறும் செழிப்பைச் சொல்கிறது என்றே படித்துவந்தேன். எண்ணுவது என்றால் ஒவ்வொன்றையும் பார்ப்பது என்று இன்று அந்த வாசலில் விளங்கியது. ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்று யோவானில் வருகிறதே, அது நடக்கிற இடமும் வாசல்தான்.

2023 ஏப்ரல் 24, திங்கள்

ராத்திரி லோட் ஷெட்டிங், முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு. இருட்டில் உட்கார்ந்து சிவகங்கையில் இருக்கும் பெரியப்பாவுக்கு போன் போட்டேன். அவர் வாலிபத்தில் கிடை ஆடு மேய்த்தவர். "கொட்டில்ல ஆட்டை அடைக்கிறது பெரிய காரியமில்ல தம்பி. விடியக்காலம் வெளிய பத்தணும், அதுதான் வேலை. அடைச்சே வச்சா ஆடு என்னத்தத் திங்கும்?" என்றார்.

போனை வைத்ததும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எண்ணிக்கை நூல் 32ஐ எடுத்தேன். இஸ்ரயேலின் ரூபன், காத்து குலத்தாருக்கு ஏராளமான கால்நடை. யோர்தானுக்கு இந்தப் பக்கமே நல்ல மேய்ச்சல் இருக்கிறது, இங்கேயே இருந்துவிடுகிறோம் என்று மோசேயிடம் வருகிறார்கள். உங்கள் சகோதரர்கள் போருக்குப் போக, நீங்கள் இங்கே உட்கார்ந்திருப்பீர்களா என்று மோசே கடிந்துகொள்கிறார். அப்போது அவர்கள் சொல்கிறார்கள்: இங்கே எங்கள் ஆடுமாடுகளுக்குத் தொழுவங்களும், எங்கள் பிள்ளைகளுக்கு நகர்களும் கட்டிவிட்டு, நாங்கள் படைக்கு முன்னால் போகிறோம். சில வசனங்கள் தள்ளி மோசே சம்மதம் கொடுக்கும்போது வரிசை மாறிவிடுகிறது. முதலில் பிள்ளைகளுக்கு நகர்கள், அப்புறம் ஆடுகளுக்குத் தொழுவங்கள். யூத உரைகாரர்கள் இதைப் பழங்காலத்திலேயே கவனித்து எழுதியிருக்கிறார்கள்: பிள்ளைகளைவிடச் சொத்து அவர்களுக்கு முன்னால் வந்துவிட்டது. மோசே கோபப்படாமல் வரிசையைத் திருத்திய விதம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

சொன்னபடி யோசுவா காலத்தில் ரூபன் குலத்தார் ஆயுதம் தாங்கி யோர்தானைக் கடக்கத்தான் செய்தார்கள். ஆனால் நீதித் தலைவர்கள் 5இல் இறைவாக்கினர் தெபோரா பாடும் பாட்டில் அதே ரூபன் மறுபடி வருகிறான். மற்ற குலங்கள் எதிரித் தளபதி சிசெராவின் படையோடு மோதும்போது இவர்கள் ஆட்டுத் தொழுவங்களின் நடுவே உட்கார்ந்து மந்தைக்கு ஊதும் குழலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏன் அங்கேயே தங்கிவிட்டாய் என்று கேட்கிறாள் தெபோரா.

கொட்டில் என்றால் பாதுகாப்பு, அரவணைப்பு என்று மட்டுமே பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். விவிலியம் அப்படி ஒரு பக்கமாகச் சொல்லவில்லை. தாவீதைக் கடவுள் ஆட்டுத் தொழுவங்களிலிருந்து அழைத்துக்கொண்டார் என்கிறது திருப்பாடல் 78. அங்கிருந்து எழுந்து போனவன் அரசனானான். அங்கேயே உட்கார்ந்துவிட்ட ரூபனுக்கு வசை.

2023 ஏப்ரல் 27, வியாழன்

சுதந்திர தினம், விடுமுறை. உடன் வேலை செய்யும், டர்பனின் சாட்ஸ்வொர்த்துக்காரர் சாப்பிட வந்திருந்தார். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வாரிசு. தமிழ் கொஞ்சம்தான், ஆனால் என் மனைவியை வாய் நிறைய அக்கா என்பார். அவருடைய தாத்தா வீடு டர்பனிலேயே கேட்டோ மேனரில் இருந்தது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் அங்கிருந்து கிளப்பி, இந்தியர்களுக்கென்று கட்டிய சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

ரசம் ஊற்றிக்கொள்ளும்போது அவரே கேட்டார்: "சர்ச்சிலும் அப்படித்தானே அண்ணா?" ஆமாம். டச்சு சீர்திருத்த சபையின் 1857ஆம் ஆண்டு மாமன்றம், சேர்ந்து வழிபட மனமில்லாத சில வெள்ளையரின் ‘பலவீனத்தை’ முன்னிட்டு, வெள்ளையரல்லாதார் தனியாக வழிபடலாம் என்று இடம் கொடுத்தது. 1881இல் கலப்பினத்தாருக்கென்று தனிச் சபை. பிறகு கறுப்பர்களுக்கு ஒன்று, 1968இல் இந்தியர்களுக்கு ஒன்று. சலுகையாக ஆரம்பித்தது சட்டம்போல் இறுகிவிட்டது. ஒரே ஆயனின் பெயரால் நான்கு சுவர்கள்.

யோவான் 10:16 இந்த ஞாயிறு வாசகத்தில் இல்லை. ஆனாலும் அதை விடப் போவதில்லை. இந்தக் கொட்டிலைச் சேராத வேறு ஆடுகளும் எனக்கு உண்டு என்கிறார் இயேசு. முடிவில் இருக்கப்போவது ஒரே மந்தை, ஒரே ஆயன். சுவரைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. அந்தக் கலப்பினத்தார் சபைதான் 1982இல் கேப்டவுனின் பெல்ஹாரில் கூடி, இனத்தின் பெயரால் சபையைப் பிரிப்பது நற்செய்திக்கு விரோதம் என்று அறிக்கை எழுதியது. 1986இல் அதை ஏற்றுக்கொண்டது. கடவுள் தம் திருச்சபையைக் கூட்டிச்சேர்க்கிறார், காக்கிறார், பராமரிக்கிறார் என்று அது தொடங்குகிறது. தள்ளிவைக்கப்பட்டவர்கள் எழுதிய வரி என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

2023 ஏப்ரல் 29, சனி

குளிர் இறங்கிவிட்டது. பெரியவர் கதவைத் திறந்து ஆட்டை வெளியே விடுவதைக் காலையில் பார்த்தேன். இந்தக் கரூவில் ஒரு காலத்தில் எல்லா மந்தையும் ராத்திரிதோறும் கொட்டிலுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. தினமும் அதே தடத்தில் போய்வந்து, கொட்டிலைச் சுற்றி மண் தேய்ந்தது. புழுக்கையெல்லாம் உள்ளேயே குவிந்ததால் நிலத்துக்கு உரமும் இல்லை. 1923இல் வந்த வறட்சி விசாரணைக் குழுவின் அறிக்கை, இரவு அடைப்பை விட்டுவிட்டு நரி நுழையாத கம்பிவேலி போட்டு ஆடுகளை வெளியிலேயே மேயவிடச் சொன்னது. பெரியப்பா படிக்காமல் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்.

மீக்கா 2 இந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. 12ஆம் வசனத்தில் மிச்சமிருக்கும் மக்களை ஆண்டவர் கொட்டிலில் ஆடுகளைப்போல் கூட்டிச்சேர்க்கிறார். அடுத்த வசனத்திலேயே உடைத்துத் திறக்கிறவர் முன்னே போக, அவர்கள் வாயிலைக் கடந்து வெளியேறுகிறார்கள்.

2023 ஏப்ரல் 30, ஞாயிறு

காலைத் திருப்பலியில் திருப்பாடல் 23 பாடினோம். அதில் கொட்டிலே கிடையாது. புல்வெளி, நீர்நிலை, இருண்ட பள்ளத்தாக்கு, கோல். எல்லாம் திறந்தவெளி.

இரவு செபத்தில் யோவான் 9இலிருந்து ஆரம்பித்தேன். இயேசுவால் பார்வை பெற்ற பிறவிக் குருடனைப் பரிசேயர் வெளியே தள்ளிவிடுகிறார்கள். இயேசு அவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். பேச்சு நிற்காமல் அப்படியே 10க்குள் போகிறது. தள்ளப்பட்ட அந்த மனிதன் கேட்டுக்கொண்டு நிற்கும்போதுதான் நானே வாயில் என்கிறார். என் வழியாக வருகிறவர்கள் உள்ளே போவார்கள், வெளியே வருவார்கள், மேய்ச்சலைக் காண்பார்கள் என்கிறார். உள்ளே போவதோடு அவர் நிறுத்தவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கே குரல் தழுதழுத்தது.

ஆயனே வாசலில் படுத்துக் காவல் காப்பான், அதனால்தான் வாயில் என்கிறார் என்று கேட்டிருக்கிறோமே என்றார் டர்பன் அத்தை ஒருவர். அழகான விளக்கம்தான், அத்தை, ஆனால் 3ஆம் வசனத்தில் தனியாக ஒரு காவலர் நிற்கிறாரே என்றேன். காணாமற்போன ஆட்டைத் தேடப் போனவன் மற்ற தொண்ணூற்றொன்பதையும் கொட்டிலில்தானே விட்டுப் போனான் என்று ஒரு பையன் கேட்டான். லூக்கா 15:4ஐ அவனையே வாசிக்கச் சொன்னோம். பாலைநிலத்தில் என்று இருக்கிறது. அப்படியானால் அந்தத் தொண்ணூற்றொன்பதை யார் பார்த்துக்கொண்டார்கள் என்றான். ஆளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பிக்க, கேப்டவுன் பக்கம் கரண்ட் போய்விட்டது. அடுத்த வாரம் அவன் கேள்வியில்தான் தொடங்குகிறோம். எசேக்கியேல் 34ஐயும் படித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.