கொலராடோ மலைச்சரிவில் முதல் மான் வேட்டை: தயாரிப்பு எந்த மட்டில் இருக்கிறது

வளர்ந்த ஆண் மியூல் மானை (மேற்கு அமெரிக்காவின் மான் வகை) எலும்பு நீக்கி எடுத்தால் சுமார் 30 கிலோ கறி தேறும். தலையும் கொம்பும் தனிக் கணக்கு. அதோடு ரைஃபிள், தண்ணீர், குளிருக்கான உடுப்பு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு 35 டிகிரி சரிவில் இறங்க வேண்டும், பெரும்பாலும் இருட்டிய பிறகு. இந்தத் தயாரிப்பு முழுக்க அந்தச் சுமையில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போட்ட கணக்குதான். எங்கே தேடுவது, எத்தனை கெஜத்தில் சுடுவது, எந்தப் பூட்ஸ் வாங்குவது என்பதெல்லாம் "அங்கே விழுந்தால் எடுத்து வர முடியுமா?" என்ற கேள்விக்கு அப்புறம்தான்.

இடம், மேற்குக் கொலராடோவில் ஒயிட் ரிவர் தேசிய வனம். பொது நிலம் என்பதால் நடக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், மானைச் சுட மட்டும் உரிமம் வேண்டும். (இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டையே குற்றம். இங்கே மாநில வனவிலங்குத் துறை எண்ணிக்கை பார்த்து உரிமம் ஒதுக்குகிறது.)

உரிமம்: முடிந்தது

கொலராடோவில் மான் உரிமம் கடையில் போய்க் கேட்டால் கிடைக்காது, குலுக்கலில்தான் வர வேண்டும். விண்ணப்பக் கெடு ஏப்ரல் தொடக்கத்தில். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்று காட்ட வேண்டும். முதல் ரைஃபிள் சீசன் எல்க் மானுக்கு உரியது, மியூல் மானுக்கு இரண்டாவதிலிருந்துதான். மூன்றாவதும் நான்காவதும் இணை சேரும் பருவத்தை ஒட்டி வருவதால் ஆண் மான்கள் வெளியே நடமாடும், அதனால் போட்டி கடுமை. முதல் தடவை போகிறவருக்கு அக்டோபர் கடைசியில் வரும் இரண்டாவது சீசனே சரி: உரிமம் கிடைக்க வாய்ப்பு கூடுதல், பனியும் அவ்வளவாக இருக்காது.

வரைபடம்: பெரும்பகுதி முடிந்தது

முதலில் எல்லை. கொலராடோவில் தனியார் நிலத்தில் பலகை இல்லாவிட்டாலும் அனுமதியில்லாமல் வேட்டையாடக் கூடாது. "வேலியைப் பார்க்கவில்லை" என்று சொல்லித் தப்ப முடியாது. நில உடைமை காட்டும் செயலியில் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வைத்தாயிற்று, மலையில் சிக்னல் இருக்காது. வண்டி எதுவரை போகலாம் என்பதற்கு வனத்துறை தரும் வாகனப் பாதை வரைபடம் இலவசம். வில்டர்னஸ் என்று அறிவித்த பகுதிக்குள் சக்கரம் வைத்த எதுவும் நுழையக் கூடாது, கறி இழுக்கும் கைவண்டி உட்பட. அங்கே முதுகு அல்லது குதிரைதான்.

அடுத்தது சரிவு. அமெரிக்க நிலவியல் துறையின் 1:24,000 அளவு வரைபடத்தில், இந்த மாதிரி மலைப்பகுதிகளில் சமவுயரக் கோடுகள் 40 அடிக்கு ஒன்று. இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் இருந்தால் சரிவு 27 டிகிரி, அரை மில்லிமீட்டர் என்றால் 45. செயலியில் இதையே வண்ணமாகப் பார்க்கலாம். ஆனால் இரண்டுமே ஒரு விஷயத்தை மறைக்கும்: 30 அடிப் பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவில் அப்படியே காணாமல் போய்விடும். வரைபடத்தில் "இறங்கலாம்" என்று தெரிந்த ஒரு ஓடையை ஜூலையில் எதிர் முகட்டிலிருந்து பைனாகுலரில் பார்த்தபோது, நடுவில் பாறைப்படி குறுக்கே நின்றது. அந்த ஓடை முழுவதையும் சிவப்பில் அடித்தாயிற்று. அதற்கு மேலே எவ்வளவு பெரிய கொம்பு நின்றாலும் சுடப்போவதில்லை.

இப்படிக் கழித்ததில் மிஞ்சியவை மூன்று கிண்ணப் பள்ளத்தாக்குகள். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்க்கும் இடம், அங்கே போகும் வழி, கறியோடு இறங்கும் வழி என மூன்றும் குறித்திருக்கிறது. ஏறும் வழியும் இறங்கும் வழியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வெறும் பையோடு ஏறிய குறுக்குவழி, சுமையோடு இறங்கும்போது முழங்காலைக் கேட்கும்.

உடம்பு: ஓடிக்கொண்டிருக்கிறது

பலரும் ஏறுவதற்கு மட்டும் பழகுகிறார்கள். தண்ணீர்க் கேனைச் சுமந்து ஏறி, உச்சியில் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்குவது முழங்காலுக்கு நல்லதுதான். ஆனால் கறி கீழ்நோக்கித்தான் வரும். தொடையின் முன்தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும் வேலை அது. பழகாத தசை மறுநாள் படி இறங்கவே விடாது. அதனால் முதல் மாதம் தண்ணீர், பிறகு மணல் மூட்டை. 10 கிலோவில் தொடங்கி வாரத்துக்கு இரண்டு கிலோ ஏற்றம், 28 கிலோவோடு நிறுத்தம். அதற்கு மேல் பயிற்சியில் சுமப்பதால் பலனைவிடக் காயம்தான் மிச்சம். 30 கிலோ கறியை இரண்டு நடையாக எடுப்பதுதான் திட்டம்.

பையில் சுமை இருக்கும் இடம் அதன் எடையை விட முக்கியம். கறி முதுகெலும்பை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே நிற்க வேண்டும். பையின் அடியில் தொங்கினால் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் இழுக்கும், வெளிப்புறம் தொங்கினால் சரிவில் பக்கவாட்டில் சாய்க்கும். முதுகுச் சட்டகத்துக்கும் பைக்கும் நடுவே சுமைத்தட்டு உள்ள மாதிரி வாங்கியது இதற்காகத்தான்.

பூட்ஸ் விறைப்பான அடிப்பாகம் கொண்டது, கணுக்காலுக்கு மேல் நல்ல உயரம். கடையில் போட்டுப் பார்க்கும்போது, சாய்பலகையில் கீழ்நோக்கி நின்று முன்விரல் முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். முட்டினால் அரை அளவு பெரியதாக எடுக்க வேண்டும். இறங்கும்போது நகம் கறுத்துக் கழன்று விழுவது இந்த அரை அளவில்தான்.

ரைஃபிள்: இங்கேதான் நேரம் போகிறது

கொலராடோவில் மானுக்கு குறைந்தபட்சம் .24 காலிபர், 70 கிரெய்ன் தோட்டா. 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா வகை அதை எளிதாகத் தாண்டும், தோளில் உதையும் குறைவு. 200 கெஜத்தில் ஜீரோ வைத்தால் (அந்தத் தூரத்தில் குறியும் அடியும் ஒன்றாகும்படி ஸ்கோப்பைத் திருத்தினால்) 300இல் தோட்டா ஏழு அங்குலம் அளவுக்கு இறங்கும்.

இது சமதளக் கணக்கு. சரிவில் தோட்டா எவ்வளவு இறங்கும் என்பதற்குக் கிடைமட்டத் தூரம்தான் கணக்கு. 35 டிகிரி கோணத்தில் 300 கெஜம் என்பது கிடைமட்டத்தில் 246 கெஜம். 300க்கான பிடிப்பில் சுட்டால் நாலைந்து அங்குலம் மேலே போகும். மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் அடி மேலேதான் விழும், பலர் ஒன்றுக்கு மட்டும் திருத்தம் செய்கிறார்கள். கோணத்தைச் சேர்த்துக் கணக்கிடும் ரேஞ்ச்ஃபைண்டர் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் அந்த வசதியை மெனுவில் இயக்கி வைத்தோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பாட்டரியும் குளிரில் படுத்துவிடும். துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிய சிறு சீட்டில் 20, 30, 40 டிகிரிக்கான பெருக்கு எண்கள் இருக்கின்றன: 0.94, 0.87, 0.77.

இன்னொன்று சாய்வு. பக்கச்சரிவில் உட்கார்ந்தால் கண் மலையின் சாய்வையே நேர்கோடாக எடுத்துக்கொள்ளும், ரைஃபிளும் கூடவே சாயும். ஐந்து டிகிரி சாய்ந்தால் 300 கெஜத்தில் இரண்டு அங்குலம் பக்கத்தில் போகும். ஸ்கோப்பில் மாட்டும் சின்ன ரசமட்டம் இதைத் தீர்த்துவிடும்.

பயிற்சி முழுவதும் பெஞ்சிலேயே (ரைஃபிளை மேசையில் தாங்கவைத்து) செய்வது வீண். மலையில் குப்புறப் படுக்க இடம் கிடைப்பது அபூர்வம், படுத்தால் புல்தான் தெரியும். உட்கார்ந்து, முன்பக்கம் ட்ரைபாட், பின்கை முழங்கைக்கு அடியில் முதுகுப்பை: இதுதான் பெரும்பாலும் கிடைக்கும் நிலை. எட்டு அங்குல இரும்புத் தட்டு, அதுதான் மானின் நுரையீரல் பரப்பு. அறுபது அடி ஓடிவந்து மூச்சு வாங்க உட்கார்ந்து, குளிர்ந்த குழாயில் முதல் குண்டு. அந்த முதல் குண்டு மட்டுமே கணக்கில் சேரும். இந்த முறையில் 200 கெஜத்தில் தட்டு தப்பவில்லை, 250இல் சில தப்பின. ஆகவே எல்லை 200. பெஞ்சில் 400இல் அடித்தது இதில் சேராது.

மேலிருந்து சுடும்போது தோட்டா நுழையும் இடத்தைப் பார்க்கக் கூடாது, வெளியேறும் இடத்தைப் பார்க்க வேண்டும். செங்குத்தான கோணத்தில் வழக்கமான இடத்தில் குறிவைத்தால் ஒரு நுரையீரலை மட்டும் தொட்டு அடிவயிற்றில் வெளியேறும். அப்படிப்பட்ட மான் வெகுதூரம் போகும், அதுவும் கீழ்நோக்கி, நாம் சிவப்படித்த ஓடைக்குள்.

காற்று

விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே வழியும். வெயில் ஏறியதும் திரும்பி மேலே எழும், சாயங்காலம் மறுபடி கீழே. இடையில் திசை மாறும் அரைமணி நேரம் எந்தப் பக்கமும் நம்ப முடியாது, அப்போது நகராமல் இருப்பதே மேல். காலை எதிர்ச்சரிவிலிருந்து பார்ப்பது, காற்று நிலைத்து மேல்நோக்கி எழுந்த பிறகு மானுக்கு மேலே போய்விடுவது என்பது திட்டம். சிறு புட்டியில் பொடி வைத்துத் தட்டிப் பார்த்தால் போதும். நண்பகலில் நிழல் நகரும்போது படுத்திருக்கும் மான் எழுந்து இடம் மாறிப் படுக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பைனாகுலரைக் கீழே வைப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

வெட்டிப் பிரிப்பது: பட்டியல் தயார்

விழுந்ததும் முதல் வேலை கத்தி அல்ல, கயிறு. ஆறு மில்லிமீட்டர் கயிற்றால் கொம்பையோ பின்னங்காலையோ மேலே உள்ள மரத்தில் கட்ட வேண்டும். தோலை உரிக்க உரிக்க உடல் வழுக்கும், பாதியில் உருண்டால் கறி மண்ணாகும், கூடவே நாமும் போவோம். கட்டிய பிறகு உரிமத்தின் டேக்கில் தேதி போட்டுக் கையெழுத்து.

குடலைத் திறக்காத முறையே சரிவில் வசதி. முதுகெலும்பை ஒட்டித் தோலைக் கீறி இறக்கி, முன்னங்காலை எடுக்கலாம், அதற்கு உடலோடு எலும்பு மூட்டே கிடையாது, விலாவுக்கும் தோளுக்கும் நடுவே கத்தி ஓடினால் கழன்றுவிடும். பிறகு முதுகுக்கறி, கழுத்துக்கறி, பின்னந்தொடை. தொடையில் இடுப்புக்கிண்ண மூட்டைக் கண்டுபிடித்து உள்நரம்பை வெட்டினால் கழன்று வரும். கடைசி விலாவுக்குப் பின்னால் சிறு கீறல் போட்டு, குடலைக் கையால் அழுத்தி, உள்முதுகுக்கறியை எடுக்க வேண்டும். விடக்கூடாது, அதையும் எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். புரட்டி, மறுபக்கம். விதை, விதைப்பை, ஆண்குறி இவற்றில் ஒன்று ஏதாவது ஒரு தொடையோடு இயல்பாக ஒட்டியே இருக்க வேண்டும், பாலின ஆதாரம் அதுதான். சுத்தமாக்குகிறேன் என்று அதை வெட்டி எறிந்தால் அபராதம்.

இந்த முறையில் கறியை எடுக்கும்போது தண்டுவடம் அறுபடாது என்பது இன்னொரு லாபம். மான்களின் மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கும் தேய்வு நோய் 1967இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில்தான் முதலில் கவனிக்கப்பட்டது. தலையைத் துறையிடம் கொடுத்துப் பரிசோதித்து, முடிவு வரும்வரை கறியைப் பெயர் எழுதித் தனியாக உறையவைக்க வேண்டும். நோய் இருந்தால் சாப்பிடக் கூடாது.

இரண்டாம் நடைக்கு விட்டுப்போகும் கறியைக் குடல் கிடக்கும் இடத்திலிருந்து நூறு கெஜமாவது தள்ளி, நிழலில், தூரத்திலிருந்தே தெரியும் கிளையில் தொங்கவிட வேண்டும். திரும்பி வரும்போது கரடி இருந்தால் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

பாக்கி இருப்பவை: மலையடிவாரத்தில் ஜீரோவை மறுபடி சோதிப்பது (உயரத்தில் காற்று மெலிவு, போகிற வழியில் ஸ்கோப் இடிபட்டிருக்கவும் கூடும்), ஆரஞ்சு மேல்சட்டை சட்டம் கேட்கும் 500 சதுர அங்குலம் தேறுகிறதா என்று அளப்பது, கேமோ (இலைதழை மறைப்பு) அச்சு போட்ட ஆரஞ்சுத் தொப்பியை மாற்றுவது (அது கணக்கில் சேராது), சாட்டிலைட் கருவிக்குச் சந்தா கட்டுவது, மூன்று பள்ளத்தாக்குகளின் பெயரையும் திரும்பும் நேரத்தையும் எழுதி வீட்டில் ஒரு தாளும் வண்டிக்குள் ஒரு தாளும் வைப்பது.